கால் எங்கே ஊன்றும்? தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு வன்னிக் குடும்பம் வண்டி எடுத்த கதை

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்துவிடப்பட்டதிலிருந்து என் கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஸ்கூட்டர் எடுக்கவா, மோட்டார் சைக்கிள் எடுக்கவா? கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். "கடையிலை இப்ப ஸ்கூட்டிதான் நிக்குதாம் அண்ணை. பைக்குக்கு மூண்டு மாசம் நிக்க வேணுமாம். அப்ப ஸ்கூட்டியையே எடுப்பமோ?"

ஐந்து வருடமாகப் புது வண்டி வராமல் காய்ந்துபோன சனம். அந்த அவசரம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அதே அவசரத்தில் எங்கள் வீட்டில் ஒருமுறை வண்டி எடுத்துச் சீரழிந்தோம். அந்த வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான். வண்டி திருத்துகிறவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி எடுத்தார்கள். ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். அக்காவிடமும் அத்தானிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். காசுக் கணக்கெல்லாம் அக்காவின் கொப்பியில் இருந்தவை.

வீடும் பாதையும்

ஏ-35 வீதியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கமாக வந்து, தருமபுரத்துக்குப் பிறகு தெற்கே திரும்பி, நாலு கிலோமீற்றர் உள்ளே போனால் அக்காவின் வீடு. அந்த நாலு கிலோமீற்றரைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது. முதல் இரண்டும் கிரவல். வெயில் காலத்தில் தகரக் கூரை மாதிரி அலை அலையாக நெளிந்து கிடக்கும். அடுத்தது வாய்க்கால் கரை, மழைக்கு வழுக்கும் களி. கடைசித் துண்டு மணல். நடுவில் ஒரு தாம்போதி. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் அதற்கு மேலால் முழங்காலளவு தண்ணீர் ஓடும்.

அக்கா முன்பள்ளி ஆசிரியை. பின்னேரங்களில் தையல். அத்தானுக்கு இரண்டு ஏக்கர் வயலும் நாலு மாடும். 2009 இல் போர் நேரம் மாத்தளனில் செல் (எறிகணை) விழுந்து அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் போட்ட செயற்கைக் காலோடுதான் வரம்பில் நடக்கிறார், மாடு கட்டுகிறார், மரமும் தறிக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர்.

மீள்குடியேறி வந்து 2011 இல் லீசிங்கில் ஒரு சிரி 100 (CT 100) மோட்டார் சைக்கிள் எடுத்தோம். அந்த வருடங்களில் வன்னியில் லீசிங் இல்லாத வீடு குறைவு. என் பெயரில் எடுத்து மூன்று வருடத்தில் கட்டி முடித்தேன். அத்தானும் அதை ஓடிப் பார்த்தார். எங்கே இடித்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

மோட்டார் சைக்கிளின் கியர் இடது காலில். கால் உள்ளவன் அதைப் பார்த்து மாற்றுவதில்லை. பெருவிரல் மிதியைத் தொட்டதும் கணுக்கால் தானாக மடிகிறது, அவ்வளவுதான். அத்தானின் காலில் கணுக்கால் மடியாது. முழங்காலோடு முழுக்காலையும் தூக்கி வைத்து அமத்த வேண்டும். பாதம் மிதியின் மேல் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்றும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கியருக்கும் கண் கீழே போகும். கண் கீழே போன அந்த ஒரு நொடியில் கிரவல் பாதை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 2012 இல் ஒரு காலை, பால் கானோடு பிரதான வீதிக்கு ஏறும் இடத்தில் நியூட்ரல் விழவில்லை. வண்டி எகிறி நின்றது. ஊன்றப் போனது இடது கால், நின்றது கிரவலில். கால் வழுக்கியது. பால் முழுவதும் வீதியில். அவருக்குப் பெரிய காயமில்லை. ஆனால் அன்றைக்கு வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இது எனக்குச் சரிவராது தம்பி" என்றார். அதற்குப் பிறகு பத்து வருடம் சைக்கிள்தான், இல்லாவிட்டால் யாராவது ஏற்றிப்போக வேண்டும்.

அக்காவுக்கு வேறு விதமான இடைஞ்சல். முன்பள்ளிக்குச் சாறியோடுதான் போவார். தாங்கிக்கு மேலால் கால் போட்டு ஏறுவது எப்படி?

2020: முற்பணம்

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஸ்கூட்டர் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. அந்த முடிவு சரியானது. கியர் இல்லை, கிளச் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில், பொத்தானை அமத்தினால் ஸ்ராட். சாறியோடு அக்கா ஏறலாம். நிற்கும்போது வலது காலை ஊன்றப் பழகினால் அத்தானும் ஓடலாம். 2020 மார்ச் முதல் வாரம் ஒரு கடையில் 110 சிசி ஸ்கூட்டருக்கு 50,000 ரூபாய் முற்பணம் கட்டினோம். இரண்டு கிழமையில் வண்டி என்றார்கள்.

மார்ச் 20 நாடு முழுக்க ஊரடங்கு. டொலரைப் பிடித்து வைக்க வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தால் "அடுத்த மாசம் பாப்பம்". அதற்கடுத்த மாதமும் அதே பதில். எட்டு மாதம் கழித்து முற்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். தந்ததே பெரிய காரியம். ஆனால் அதற்குள் பாவித்த ஸ்கூட்டரின் விலை, நாங்கள் புதிதுக்குப் பேசிய விலையைத் தாண்டிவிட்டது.

இதில் எங்களுடைய பிழை எதுவும் இல்லை. பிழை அடுத்ததில்தான்.

2021: நிற்கிற வண்டியை எடுத்தோம்

2021 நடுப்பகுதி. எங்கும் ஸ்கூட்டர் இல்லை. வந்தால் ஒரே நாளில் போய்விடும், அதுவும் கேட்ட விலைக்கு. அந்த நேரத்தில் கிளிநொச்சியில் ஒரு 150 சிசி மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்தது. ஒரே சொந்தக்காரர், இயந்திரம் சுத்தம், ரயர் புதிது. 3,85,000 ரூபாய். நான் போய்ப் பார்த்து, இயந்திரச் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிட்டேன். "அக்கா, காசு கையில் கிடந்தால் கரையும். விலை ஏறிக்கொண்டு போகுது. இப்ப இதை எடுப்பம், ஸ்கூட்டர் வந்தால் இதை வித்துப்போட்டு மாறுவம்" என்றேன். கேட்க நல்ல கணக்கு மாதிரித்தான் இருந்தது.

வண்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்ட பின்னேரம் அக்கா அதைச் சுற்றி ஒருமுறை வந்தார். இருக்கையில் கை வைத்துப் பார்த்தார். "தம்பி, இதிலை நான் எப்பிடியடா ஏறுறது?" என்று மட்டும் கேட்டார். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. கியர் மிதியைக் குனிந்து பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். அவர் பார்த்த இடம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வீட்டில் அந்த வண்டியை ஓடக்கூடிய ஆள் ஒருவருமில்லை. மகனுக்கு அப்போது 15 வயது. ஓடியது நான் மட்டும், அதுவும் கராஜ் பூட்டிய பிறகு. அக்கா பழையபடி சைக்கிளில் கிரவலில் மிதித்தார். மழை நாளில் முச்சக்கரவண்டிக்குக் கூலி கொடுத்தார். வண்டி பத்து மாதம் கொட்டிலுக்குள் படங்கு மூடிக் கிடந்தது.

2022 மே மாதம் அதை 4,20,000 க்கு விற்றோம். 35,000 இலாபம் என்று ஊர் சொன்னது. இந்த இடத்தை வாசிக்கிறவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். 2021 நடுவில் நாங்கள் தேடிய மாதிரி ஸ்கூட்டர் ஒன்றுக்குக் கேட்ட விலை 3,40,000. கொஞ்சம் அலைந்தால், வவுனியாவரை போய்ப் பார்த்தால் கிடைத்திருக்கும். அதே தரத்து ஸ்கூட்டரை 2022 மே மாதம் 5,10,000 கொடுத்து வாங்கினோம். 1,70,000 ஏறியதில் 35,000 ஐக் கழித்தால் 1,35,000 நட்டம். பத்து மாதம் அக்கா மிதித்த மிதி அந்தக் கணக்கில் இல்லை. தட்டுப்பாட்டில் எல்லா வண்டியும் விலை ஏறும், ஆனால் ஒரே அளவில் ஏறாது. எது அதிகம் தேவையோ அது அதிகம் ஏறும். எங்களுக்குத் தேவையானதுதான் ஊருக்கும் தேவையாக இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

புத்தகம்

வாங்கிய ஸ்கூட்டர் 2017 ஆம் ஆண்டு வண்டி. கை மாறி வந்தது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் எங்களுக்கு விற்றவரின் பெயர்கூட இல்லை. கையெழுத்து வைத்த உரிமை மாற்றப் படிவத்தைத் தந்துவிட்டுப் போனார். இங்கே பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. பொலிஸ் மறித்தாலும் வரிப்பத்திரமும் காப்புறுதியும் இருந்தால் சரி என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாங்களும் விட்டோம்.

இரண்டு மாதம் கழித்து கியூஆர் வந்தது. அந்த 2022 நடுப்பகுதியை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அதுவும் இரவிரவாகப் பெற்றோல் செட்டில் படுத்துக் கிடந்தால்தான். ஜூலையில் கியூஆர் குறியோடு தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம். வண்டி இலக்கம், செசி இலக்கம், அடையாள அட்டை கொடுத்துப் பதிந்தால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அக்காவின் தொலைபேசியில் பதியப் போனால், அந்த இலக்கம் ஏற்கெனவே பதியப்பட்டிருக்கிறது என்று வந்தது. எங்கேயோ இருக்கிற பழைய சொந்தக்காரர் தன் அடையாள அட்டையில் பதிந்துவிட்டார். வண்டி எங்கள் முற்றத்தில், அதற்குரிய பெற்றோல் அவருடைய தொலைபேசியில்.

ஆளைக் கண்டுபிடித்து, பேசி, புத்தகத்தை அக்காவின் பெயருக்கு மாற்றி, மறுபடி பதிய நாலு கிழமை போனது. 5,10,000 கொடுத்த வண்டி அந்த நாலு கிழமையும் துளிப் பெற்றோல் இல்லாமல் நின்றது. அதற்குப் பிறகு புத்தகம் மாறாத எந்த வண்டியையும் வாங்கச் சொல்லி நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. எவ்வளவு மலிவானாலும் சரி.

நாலு லீற்றரின் கணக்கு

இந்தக் கிழமைப் பெற்றோல் கோட்டா (பங்கீடு) வந்த பிறகுதான் ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசம் தராசில் வைத்த மாதிரித் தெரிந்தது. அக்கா வீட்டின் கிழமை ஓட்டம் இது: முன்பள்ளிக்குப் போய்வர 14 கிலோமீற்றர், ஐந்து நாளுக்கு 70. பால் சேகரிக்கும் இடத்துக்குப் போய்வர 6, ஏழு நாளும் என்பதால் 42. தைத்த உடுப்புகளோடு கிளிநொச்சிக்கு ஒருமுறை 44. மகளின் ரியூசன் மூன்று நாளுக்கு 24. மொத்தம் 180.

எங்கள் பாதையில் ஸ்கூட்டர் லீற்றருக்கு 42 கிலோமீற்றர் ஓடியது. நாலு லீற்றருக்கு 168. பன்னிரண்டு கிலோமீற்றர் இடிக்கிறது. பழைய சிரி 100 அதே பாதையில் 65 ஓடும். நாலு லீற்றருக்கு 260. எண்பது கிலோமீற்றர் மிச்சம். கொம்பனிகள் சொல்லும் கணக்கு வேறு, அது தார் வீதியில் ஒரே வேகத்தில் ஓடிப் பார்த்தது. ஸ்கூட்டரில் இயந்திரத்துக்கும் சில்லுக்கும் நடுவில் பெல்ட்டும் அகன்று சுருங்கும் இரண்டு கப்பிகளும். கியர் மாற்றும் வேலையை அவை நமக்காகச் செய்கின்றன. அந்த வசதிக்குக் கூலியாகக் கொஞ்சம் சக்தியைச் சூடாக எடுத்துக்கொள்கின்றன. மணலிலும் களியிலும் அந்தக் கூலி ஏறும்.

அப்போதுதான் கராஜின் மூலையில் கிடந்த சிரி 100 க்கு உயிர் வந்தது. அது என் பெயரில் இருந்ததால் பதிவில் பிரச்சினை இல்லை, அதற்கும் கிழமைக்கு 4 லீற்றர். கிளிநொச்சிப் பயணத்தை நான் அதில் செய்தேன். ஒரு லீற்றரும் போகாது. மிச்சம் இருந்த பெற்றோல் அவசரத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று தாங்கியிலேயே இருந்தது. அதன் தாங்கி பத்து லீற்றருக்கு மேல் கொள்ளும். ஸ்கூட்டரில் ஐந்து லீற்றரும் சொச்சமும்தான். பெற்றோல் கிடைக்காத நாட்டில் தாங்கியின் அளவும் ஒரு சேமிப்புத்தான். 2023 மே கடைசியில் கோட்டா 14 லீற்றராகி, செப்ரெம்பரில் கியூஆரே போய்விட்டது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் இரண்டு வகை வண்டியும் ஒரு வீட்டுக்குள் எப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்று பார்த்துவிட்டோம்.

அத்தான் ஓடிய காலை

கணக்கில் ஸ்கூட்டர் தோற்றது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2022 செப்ரெம்பரில் ஒரு காலை ஐந்தரைக்கு நான் அங்கே போனபோது அத்தான் முற்றத்தில் ஸ்கூட்டரில் இருந்தார். இரண்டு கிழமையாக வயல் வெளியில் பழகியிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. பால் கானைக் கால் வைக்கும் தட்டில் வைத்திருந்தார். அது ஸ்கூட்டரில் மட்டும் இருக்கிற வசதி. கான் நடுவில், கால் இரண்டும் இரண்டு பக்கம். வலது கால் தட்டில் ஒழுங்காக இருந்தது. இடதுதான் கானில் முட்டி வெளியே வழுக்கிக்கொண்டிருந்தது. கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதல்லவா, தொடையை அசைத்து அசைத்துக் கண்ணால் பார்த்து உள்ளே எடுத்தார்.

"இஞ்சை ஒரு கம்பி வைச்சுத் தருவியோ தம்பி, கால் வெளியாலை போகாமல்?"

அரை அங்குலக் கம்பியை வளைத்து, தட்டின் இடது ஓரத்தில் மூன்று அங்குல உயரத்துக்குப் பிடித்துக் கொடுத்தேன். கூர் இல்லாமல் அராவி, மேலே பழைய ரியூப்பைச் சுற்றினேன். ஒரு மணித்தியால வேலை. கராஜ் தொடங்கிய நாளிலிருந்து நான் செய்த வேலைகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அன்றைக்கு அவர் தனியாகப் பால் கொண்டுபோனார். பத்து வருடத்துக்குப் பிறகு, ஒருவரிடமும் கேட்காமல். போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் மருத்துவச் சான்றிதழ் எடுத்து, பரீட்சைக்குப் போய், சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். கால் இழந்தவர்கள் இந்த அலைச்சலுக்குப் பயந்து அனுமதிப்பத்திரம் இல்லாமலே ஓடுகிறார்கள். விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும். அலைந்தாவது எடுங்கள்.

கிரவல் கேட்ட விலை

ஸ்கூட்டர் கிரவலில் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் முன்னும் பின்னும் பத்து அங்குலச் சில்லு. பதினேழு அங்குலச் சில்லு குழிக்கு மேலால் உருண்டு போகும். பத்து அங்குலம் குழிக்குள் இறங்கி ஏறும். மணலில் ஹாண்டில் தானாகத் திரும்பும். மோட்டார் சைக்கிளில் தாங்கியை முழங்காலால் இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கலாம், ஸ்கூட்டரில் பிடிக்க ஒன்றும் இல்லை. அக்கா ஒருமுறை அந்த மணல் துண்டில் விழுந்து கை தோல் உரிந்தது. பிறகு ரயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, பூ ஆழமான ரயர் போட்டு, மணலில் பிரேக்கைத் தொடாமல் ஒரே வேகத்தில் போகப் பழக்கினேன். குறைந்ததே ஒழிய நிற்கவில்லை.

பெல்ட்தான் பெரிய செலவு. தார் வீதியில் இருபதாயிரம் கிலோமீற்றர் வரை போகிற பெல்ட், எங்களுடையது ஒன்பதாயிரத்தில் வெடிப்பு விட்டது. பெல்ட்டை மூடியிருக்கும் கேஸைத் திறந்தால் உள்ளே செம்மண் தூள், ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து கிடந்தன. அது 2023 தொடக்கம். உதிரிப்பாகமும் தட்டுப்பாடு. சரியான பெல்ட் வர மூன்று கிழமை. அதே கிழமையில் சிரி 100 க்குச் செயின் செற் தேவைப்பட்டது. தருமபுரத்துக் கடையிலேயே அன்றைக்கே எடுத்தேன். வண்டி வரத் தாமதம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். வண்டி வந்த பிறகு சாமான் வரும் தாமதத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு முறை காத்திருந்தால் வண்டி வந்துவிடும். சாமானுக்கு ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு மூவாயிரம் கிலோமீற்றருக்கும் கேஸைத் திறந்து தூசி ஊதுகிறேன். ஒரு பெல்ட் வாங்கி வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறோம்.

தாம்போதியில் தண்ணீர் ஓடினால் ஸ்கூட்டரை இறக்குவதில்லை என்று வீட்டில் சட்டம். பெல்ட் நனைந்தால் வழுக்கும், இயந்திரம் இரையும், சில்லு சுற்றாது. காற்று இழுக்கும் பெட்டியும் தாழ்வாக இருக்கிறது. அந்த நாட்களில் சிரி 100 தான் இறங்கும். நெல் மூட்டைக்கும் அதுதான்.

2025: இந்த முறை காத்திருந்தோம்

2025 இல் அந்த ஸ்கூட்டர் தளர்ந்துவிட்டது. இறக்குமதியும் திறந்தது. விலை 2020 இல் நாங்கள் பேசியதன் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. மூன்று வழிகள் முன்னால் இருந்தன. பத்து அங்குலச் சில்லோடு ஒரு ஸ்கூட்டர், அடுத்த நாளே எடுக்கலாம். ஒரு 110 சிசி மோட்டார் சைக்கிள், இரண்டு கிழமையில். முன்சில்லு பன்னிரண்டு அங்குலமும், குழாய்க்குள் குழாய் இறங்கும் ரெலஸ்கோப்பிக் போர்க்கும் உள்ள இன்னொரு ஸ்கூட்டர், ஆறு கிழமை என்றார்கள்.

மருமகன், அக்காவின் மகன், மின்சார ஸ்கூட்டரைப் பற்றியும் கேட்டான். பெற்றோல் வரிசையைப் பார்த்த பிள்ளை, கேட்பது நியாயம். ஆனால் பற்றரியைத் திருத்தத் தெரிந்த ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை, எனக்கும் தெரியாது. நான் திருத்தத் தெரியாத வண்டியை அந்த வீட்டில் வைக்க எனக்கு விருப்பமில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவதைப் போல ஒன்றைப் பழக்கமான வாடிக்கையாளரிடம் ஒரு நாள் இரவல் வாங்கி, அக்காவையும் அத்தானையும் அந்த நாலு கிலோமீற்றரில் ஓடவிட்டேன். கடையின் முன்னால் தார் வீதியில் ஓடிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. மணல் துண்டைக் கடந்து வந்து அக்கா இறங்கினார். "இது திரும்பேல்லை" என்றார். ஹாண்டிலைச் சொன்னார். அத்தான் நிறுத்தி வலது காலை ஊன்றினார், பாதம் முழுவதும் தரையில் பட்டது. அதுதான் நான் பார்க்க நினைத்தது.

ஆறு கிழமை பதினொன்றானது. இடையில் ஏழாவது கிழமை கடைக்காரர், பத்து அங்குலச் சில்லு வண்டி ஒன்று நிற்கிறது, விலையில் கொஞ்சம் குறைக்கிறேன், மாறுங்கள் என்றார். அக்கா கொஞ்சம் ஆடித்தான் போனார். பழைய வண்டி அப்போது ஒன்றுவிட்ட ஒரு நாள் கராஜில் நின்றது. நான் 2021 ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்துக் காட்டினேன். பதினொரு கிழமையும் காத்திருந்ததில் முச்சக்கரவண்டிக் கூலியும் பஸ் காசும் சேர்த்து 19,000 ரூபாய் போனது. அன்றைக்கு அவசரப்பட்டதில் போனது 1,35,000.

வண்டி வந்த பிறகு இலக்கத் தகடு வர மேலும் மாதங்கள் எடுத்தன. அந்த வருடம் தகட்டுக்கும் தட்டுப்பாடு. பதிவுப் பத்திரத்தின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது யாராவது வந்து ஸ்கூட்டரா பைக்கா என்று கேட்டால் நான் முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டில் யார் யார் ஓடுவீர்கள், அவர்களில் உயரம் குறைந்தவர் யார், காலோ கையோ ஏலாதவர் இருக்கிறாரா என்று கேட்கிறேன். பிறகு பிரதான வீதியிலிருந்து வீடு எவ்வளவு தூரம், அதில் மணல் எவ்வளவு, தண்ணீர் எந்த மாதம் ஏறும் என்று கேட்கிறேன். ஒரு கிழமை ஓட்டத்தைக் கடதாசியில் எழுதச் சொல்கிறேன். மூட்டை ஏற்றுவீர்களா, கான் ஏற்றுவீர்களா என்பதும் வேறு வேறு கேள்வி. மூட்டை என்றால் பின்னால் கரியர் வேண்டும், கான் என்றால் முன்னால் தட்டு. பொம்பிளைகளுக்கு ஸ்கூட்டி, ஆம்பிளைகளுக்கு பைக் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். கால் இழந்த எத்தனையோ ஆண்கள் இந்த ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கிறார்கள். முள்ளியவளையிலிருந்து வந்த ஒருவர் அந்தக் கம்பியைப் பார்த்து அதே மாதிரி கேட்டார், வலது காலுக்கு. செய்து கொடுத்தேன்.

பழைய ஸ்கூட்டரை விற்றுவிட்டோம், புத்தகத்தை வாங்கியவரின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துத்தான். கம்பியைக் கழற்றிப் புதியதில் பூட்டினேன். தட்டின் அகலம் வேறு, இரண்டு துளை புதிதாகப் போட வேண்டியிருந்தது. மருமகனுக்குப் பத்தொன்பது வயது, அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான். சிரி 100 இப்போது அவன் கையில். காலபோக நெல் ஏற்றும்வரை அதை விற்கக் கூடாது என்று அத்தான் சொல்லியிருக்கிறார்.